சங்குமணலில் எல்லாருக்கும் பச்சை

ஒன்பது வருடமாக டாக்டர் பிரம்மசக்தி பார்த்தது கட்டைவிரல் உத்தியோகம். திரையில் பச்சை வந்தால் விரலை வைக்க வேண்டும். சிவப்பு வந்தாலும் வைக்க வேண்டும். இதற்காகப் பதினொரு வருடம் மருத்துவம் படித்தவள் என்றால் சங்குமணலில் சின்னப் பிள்ளைகூடச் சிரிக்கும். இதயத்துக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று எடுத்த படத்தைப் படித்து, யாருக்கு அடைப்பு, யாருக்கு இல்லை என்று தீர்ப்புச் சொல்வது 'தெளிவு' என்ற இயந்திரத்தின் பாடு. மனிதக் கண் களைத்துப் போகும், சொந்தக்காரனுக்குச் சாயும், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சொக்கும் என்று காரணம் சொல்லி அரசாங்கம் சட்டமே போட்டுவிட்டது. டாக்டரின் ரேகை ஒரு மரியாதைக்கு.

2058 மார்ச் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குப் பச்சை வந்தது. அவள் விரலை வைக்கவில்லை.

படம் ததேயுவுடையது. வயது ஐம்பத்து மூன்று. சங்குமணல் துறைமுகத்தில் கிரேன்கள் தாமாகவே ஓடுகின்றன. ஆனால் உச்சியில் இருக்கும் கம்பிவடம் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும். அதற்குக் கிரீஸ் போட இன்னும் மனிதன்தான் இருநூற்று நாற்பது படி ஏணியில் ஏற வேண்டும். ததேயு அந்த மனிதர். துறைமுகத்துக்காரர்களுக்கென்று இருக்கிற இந்த மருத்துவமனையில் பச்சை வாங்கினால் திங்கட்கிழமை மறுபடி ஏறலாம். ஏறலாம் என்ன, ஏறியாக வேண்டும்.

அவளை நிறுத்தியது படமில்லை, அவர் போட்ட சத்தம். படம் பிடிக்கும் முன் நரம்பில் ஒரு மருந்து ஏற்றுவார்கள். அது இதயத்தின் ரத்தக்குழாய்களை முழுக்க விரிக்கும். ஏணி ஏறுகிற இதயம் எவ்வளவு ரத்தம் கேட்குமோ, அவ்வளவையும் படுத்த படுக்கையில் ஓடவைத்துப் பார்க்கிற வித்தை. அந்த ஊசிக்கு முகம் சிவக்கும், மூச்சு முட்டும், நெஞ்சு கனக்கும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. சங்குமணல்காரர்களை ஒன்றும் செய்யாது. கொட்டாவி விட்டபடி படுத்திருப்பார்கள். உப்பும் வெயிலும் தின்று வளர்ந்த உடம்பு என்று ஊரே பெருமை பேசும். பிரம்மசக்தியும் இந்த ஊர்க்காரி, அந்தப் பெருமையில் அவளுக்கும் பங்கு உண்டு.

ததேயு கொட்டாவி விடவில்லை. கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு "ஏ மாதாவே!" என்று கத்தினார்.

அவள் வெளியே வந்தாள். ததேயு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி கிறிஸ்டில்லா முந்தானையால் அவர் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏணியில பாதி ஏறும்போது நெஞ்சுல ஒரு கனம் வருது டாக்டரம்மா" என்றார் ததேயு. "நின்னா போயிரும். மறுபடி ஏறுனா வரும். இன்னைக்கு அதே கனம் படுத்துக் கெடக்கையில வந்துட்டு. அதாம் பயந்துட்டேன்."

"எவ்வளவு நாளா வருது அண்ணாச்சி?"

"ஆறு மாசம் இருக்கும். மேஸ்திரிட்ட சொன்னேன். வேலை செய்ய வணங்காதவனுக்கு வார நோவுன்னாவ. சரி, இங்க வந்து பாத்துருவோம்னு வந்தேன். பச்சையாமே?"

பிரம்மசக்தி என்னத்தையாவது கேட்க வேண்டுமே என்று கேட்டாள். "காலையில டீ குடிச்சீங்களா?"

கிறிஸ்டில்லா முந்திக்கொண்டாள். "அவிய டீயை விட்டு இருவத்திமூணு நாளாச்சு. சாம்பல் புதனுக்கு விட்டது. வருசா வருசம் தவசு காலத்துல எதையாவது விடுவாவ. போன வருசம் பீடி. ஈஸ்டர் பூசை முடிஞ்சு கோயில் வாசல்லயே பத்த வச்சாச்சு."

"அதை ஏம்ட்டி இங்க சொல்லுத?" என்றார் ததேயு.

"சரி, மத்தவங்க எல்லாம்? இங்க படம் எடுக்க வர்றவங்க?"

"டீ குடிக்காம எவன் வீட்டை விட்டு எறங்குவான்?" என்றாள் கிறிஸ்டில்லா. "வெறும் வயித்துல வரணும்னு சீட்டுல போட்டிருக்கு. வெறும் வயித்துல ஒரு டீயைக் குடிச்சிட்டு வருவாவ."

"டீ, காபி கூடாதுன்னும் சீட்டுல இருக்கே."

"அது பலகாரத்தோட குடிக்கிற டீக்குல்லா? கண்ணு முழிக்கக் குடிக்கிறதையுமா சேத்துச் சொல்லுவாவ?"

பிரம்மசக்தி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

டீயில் இருக்கிற சரக்கு அந்த ஊசி மருந்துக்கு ஜென்ம விரோதி. ஒரு கிளாஸ் டீ உள்ளே இருந்தால் போதும், குழாய்கள் விரியாது. முகம் சிவக்காது, நெஞ்சு கனக்காது, கொட்டாவிதான் வரும். உப்பும் வெயிலும் தின்ற உடம்பாம். கழுதை, டீ குடித்த உடம்பு!

ஊசிக்குப் பிறகு ரத்தம் எத்தனை மடங்கு கூடியது என்ற எண்ணை 'தெளிவு' யாருக்கும் காட்டாது. எண்ணைக் காட்டினால் டாக்டர்கள் வாதாடுவார்கள் என்பதால் நிறத்தை மட்டும் காட்டும். ஆனால் பதினொரு வருடத்துக்கு முன் ஊரில் முகாம் போட்டு, இந்த ஊருக்கான அளவை அதற்குக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான். அன்றைய கடவுச்சொல்லைப் போட்டுப் பார்த்தாள், திறந்தது. அரசாங்க இயந்திரத்தில் வேறு எதை மாற்றினாலும் கடவுச்சொல்லை மாற்ற மாட்டார்கள். ததேயுவின் எண் ஒன்று புள்ளி மூன்று. முந்தின நாள் வந்தவர் ஒன்று புள்ளி இரண்டு. அதற்கு முந்தினவர் ஒன்று புள்ளி மூன்று. நூறு பேரைப் பார்த்தாள். நூறு பேரும் அதே வரிசையில் நின்றார்கள்.

மருத்துவமனை நிர்வாகி அருமைநாயகம் கையில் டீ கிளாஸோடு உள்ளே வந்தார். நல்ல மனிதர், பயந்தவர். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் எது ஜெயிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

"மேடம், ஒரு ரேகை பாக்கி நிக்குதுன்னு எனக்கு அலாரம் அடிக்குது."

"அந்த ஆளுக்கு மூணு குழாயும் அடைச்சிருக்கு சார்."

"பச்சைன்னு வந்திருக்கே? படமும் பளிச்சுனு இருக்கு."

"படம் ஒரே இதயத்துக்குள்ள ஒரு பக்கத்தை இன்னொரு பக்கத்தோட ஒப்பிடுது. ஒரு குழாய் அடைச்சா அந்தப் பக்கம் மங்கலாத் தெரியும். மூணும் ஒரே அளவுக்கு அடைச்சா? வீட்டுல எல்லாரும் பட்டினின்னா யார் முகமும் தனியா வாடித் தெரியாது. அப்ப எண்ணைத்தான் பாக்கணும். ஊசி போட்டா நல்ல இதயத்துல ரத்தம் ரெண்டரை, மூணு மடங்கு ஓடணும். டீ குடிக்காம வந்த இவருக்கு ஒண்ணு புள்ளி மூணுதான்."

"அந்த எண் மெஷினுக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா இந்த ஊர்ல அதுதான் சரியான அளவுன்னு நெனச்சிட்டிருக்கு. அது பாடம் படிச்ச ரெண்டாயிரத்து நூறு பேரும் டீ குடிச்சிட்டு வந்தவங்க. அவங்களுக்கு ஊசியே வேலை செய்யலை, ரத்தமும் கூடலை. சங்குமணல் இதயம்னா இப்படித்தான்னு அது எழுதி வச்சுக்கிச்சு. இப்ப நெஜமாவே அடைப்புள்ள ஆள் வந்தா, 'இது நம்ம ஊர் இதயம்தானே'ன்னு பச்சை காட்டுது."

அருமைநாயகம் கிளாஸை மேசையில் வைத்தார். "அந்த முகாம்ல டீ குடிக்கக் கூடாதுன்னு பாத்துக்கிட்டது யாரு?"

கேட்டபிறகுதான் அவருக்கும் ஞாபகம் வந்தது.

பாத்துக்கிட்டது பிரம்மசக்திதான். விடியற்காலை ஐந்து மணிக்கே வந்து வரிசையில் நின்ற சனம். ஒரு அம்மா மயங்கி விழுந்தாள். படம் எடுத்து முடித்தவர்களுக்குக் கொடுக்கட்டும் என்று சுயம்பு கடையிலிருந்து பாய்லரோடு டீயை வரவழைத்து வாசலில் வைக்கச் சொன்னாள். வாசலில் வைத்த டீயை எவன் படம் எடுத்து முடிக்கும்வரை விட்டு வைப்பான்? வரிசையில் நிற்கிறவர்கள் கையிலும் கிளாஸ் இருந்ததை அவள் பார்த்தாள். நிறுத்தினால் அன்றைய நூற்றைம்பது பேரும் வீண், மேலிடத்துக் கெடு தப்பும். நாலைந்து பேர்தானே என்று பார்க்காததுபோல் உள்ளே போய்விட்டாள். மறுநாளும் பாய்லர் வந்தது. படிவத்தில் 'தேநீர், காபி அருந்தவில்லை' என்ற கட்டத்தில் இரண்டாயிரத்து நூறு முறை டிக் அடித்தது அவள் கைதான்.

"மேடம்" என்றார் அருமைநாயகம் தணிந்த குரலில். "இது நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும். நீங்க ரேகை வைக்காட்டாலும் நாப்பத்தெட்டு மணி நேரத்துல அது தானா பதிஞ்சுக்கும். ஞாயித்துக்கிழமை பதினொரு மணி. நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தா போதும்."

"சும்மா இருந்துதான் சார் இங்க வந்து நிக்குது."

"என்ன செய்யப் போறீங்க? மெஷின் தப்புன்னு எழுத ஒரு கட்டம்கூடக் கிடையாதே."

அது உண்மை. ஆனால் சட்டத்தில் ஒரே ஒரு ஓட்டை இருந்தது. சிவப்பு வந்தவருக்கு ஆஞ்சியோ செய்து பார்த்து, குழாய் சுத்தமாக இருந்தால், அதற்குப் பெயர் பொய்ச் சிவப்பு. காரணத்தோடு ஒரு பொய்ச் சிவப்பு நிரூபணமானால், விசாரணை முடியும்வரை அந்த ஊர் இயந்திரத்தை நிறுத்த வேண்டும். அதுவரை மனிதன் படிக்கலாம். பொய்ப் பச்சைக்கு அப்படி ஒரு பிரிவு கிடையாது. செத்தவன் வந்து மனுக் கொடுக்கப் போகிறானா என்ன?

"நாளைக்கு மத்தியானம் ஒரு படம் எடுக்கணும், இன்பராணி டெக்னீஷியனை வரச் சொல்லுங்க" என்றாள் பிரம்மசக்தி.

"யாருக்கு?"

"எனக்கு."

அவர் கொண்டுவந்த டீயை அவள் தொடவில்லை.

ஒரு நாளைக்கு எட்டு டீ குடிக்கிறவள் ஒரு சொட்டுக்கூட இல்லாமல் முழு நாள் இருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. சனிக்கிழமை காலை தலை விண்விண்ணென்று தெறித்தது. பார்க்கிறவர்கள்மீதெல்லாம் எரிந்து விழுந்தாள். மத்தியானம் படுக்கையில் படுத்து இன்பராணியிடம் கையை நீட்டினாள்.

ஊசி ஏறியது. முகம் சுட்டது, மூச்சு இழுத்தது, மார்பில் ஒரு கனம் வந்து உட்கார்ந்தது. பிரம்மசக்திக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பதினொரு வருடத்தில் இந்த ஊரில் இந்த ஊசி வேலை செய்தது இரண்டே பேருக்கு.

அவள் எண் இரண்டு புள்ளி எட்டு. புத்தகத்தில் போடுகிற மாதிரி நல்ல இதயம். 'தெளிவு' அதை மேலும் கீழும் பார்த்தது. சங்குமணலில் இப்படி ஒரு இதயத்தை அது கண்டதே இல்லை. வழக்கத்துக்கு மேலே போனாலும் கீழே போனாலும் அதற்கு ஒன்றுதான்.

சிவப்பு.

"மேடம்!" என்றாள் இன்பராணி.

"கத்தாதே, தலை வலிக்குது. சிவப்புதான் வேணும்."

ஆனால் ஒன்றை அவள் யோசிக்கவில்லை. சிவப்பு வந்தவர் வேலை பார்க்கத் தகுதியில்லாதவர். ஐந்தாவது நிமிடம் அவளுடைய ரேகை செல்லாமல் போனது. அறைக்கதவு திறக்கவில்லை. டாக்டர் பிரம்மசக்தி இப்போது நோயாளி பிரம்மசக்தி. ஆஞ்சியோ ஞாயிறு காலை ஒன்பதரைக்கு என்று கைப்பேசியில் செய்தி வந்தது. ததேயுவின் பச்சை தானாகப் பதிய அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம்தான் இருக்கும்.

ஞாயிறு காலை ஆஞ்சியோ அறையில் டாக்டர் மொகுதூம் கையுறை மாட்டிக்கொண்டே சண்டைக்கு வந்தார். காயல்பட்டினத்துக்காரர். இருபது வருடமாகக் கம்பி விட்டுக் குழாய் பார்க்கிறவர்.

"நல்லா இருக்குன்னு தெரிஞ்ச குழாய்க்குள்ள என்னைக் கம்பி விடச் சொல்றீங்க. ஆயிரத்துல ஒருத்தருக்கு ஏடாகூடமாயிரும்னு உங்களுக்கு நான் பாடம் எடுக்கணுமா?"

"வேண்டாம், எனக்கே தெரியும். திங்கக்கிழமை அந்த ஆள் ஏணி ஏறினா எத்தனையில ஒருத்தர்னும் தெரியும். கையை நீட்டியிருக்கேன். சீக்கிரம்."

"உங்க வீட்டுல என்ன சொன்னாங்க?"

"கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன். நல்லபடியா அனுப்பி வைங்க, இல்லைன்னா பொய் சொன்ன பாவம் வேற சேரும்."

மொகுதூம் சிரிக்கவில்லை. மணிக்கட்டில் மரத்துப்போக ஊசி போட்டுக் கம்பியை உள்ளே விட்டார். மேலே தொங்கிய திரையில் பிரம்மசக்தி தன் இதயத்தைத் தானே பார்த்தாள். மூன்று குழாய்களிலும் மருந்து தங்குதடையில்லாமல் ஓடியது. அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. இல்லையென்று யாராவது சொன்னால் அவர்கள் அந்த மேசையில் படுத்துப் பார்த்ததில்லை.

"சுத்தம்" என்றார் மொகுதூம். "பத்து முப்பத்தஞ்சு. பொய்ச் சிவப்புன்னு பதியறேன். காரணம் கேக்குது. காரணம் இல்லாம ஏத்துக்காது."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அருமைநாயகம் நின்றிருந்தார். ஒலிவாங்கியில் அவர் குரல் வந்தது. "மேடம், 'காரணம் தெரியலை'ன்னு சொல்லிப் பாருங்க. ஒருவேளை ஏத்துக்கும். பேரை விட்டுராதீங்க."

"ஏத்துக்காது சார். ஏத்துக்கிட்டாலும் நாளைக்கே திரும்ப ஓட ஆரம்பிச்சிரும்." அவள் கூரையைப் பார்த்தபடி சொன்னாள். "எழுதுங்க மொகுதூம். சங்குமணல் முகாமில் படம் எடுக்கும் முன் எல்லாருக்கும் டீ போனது. அதைப் பொறுப்பு அலுவலர் கண்ணால் பார்த்தார், தடுக்கவில்லை. டீ குடிக்கவில்லை என்று பொய்யாகப் பதிந்தார். இயந்திரம் படித்த பாடமே தப்பு. அந்த அலுவலர் பெயர் பிரம்மசக்தி. முழுப்பேரும் போடுங்க."

மொகுதூமின் விரல் ஒரு கணம் நின்றது.

"எழுதுங்கன்னா எழுதுங்க, நேரம் போகுது!"

பத்து நாற்பத்தொன்றுக்கு சங்குமணலில் 'தெளிவு' நின்றது. ததேயு என்ற பெயருக்கு எதிரே ஓடிக்கொண்டிருந்த கடிகாரமும் பத்தொன்பது நிமிடம் பாக்கியிருக்கும்போது நின்றது.

சிவப்பு நீங்கியதும் அவள் ரேகை மறுபடி செல்லுபடியானது. மணிக்கட்டில் கட்டோடு பிரம்மசக்தி ததேயுவின் படத்தை மறுபடி திறந்தாள். ஒரு தாளில் கையாலேயே எழுதினாள், இடது கையால், கோணல் மாணலாக. 'மூன்று குழாயிலும் அடைப்பு இருக்க வேண்டும். உடனே ஆஞ்சியோ.' பூசை முடிந்து வெள்ளைச் சட்டையோடு வந்த ததேயு, அவள் எழுந்த அதே மேசையில் படுத்தார். மூன்று குழாயும் முக்கால் பங்குக்கு மேல் அடைத்திருந்தன, ஏறக்குறைய ஒரே அளவில்.

"அப்ப நாளைக்கு நான் ஏற வேண்டாமா?" என்றார் ததேயு.

"நாளைக்கு நீங்க திருநெல்வேலிக்கு ஆபரேஷனுக்குப் போறீங்க அண்ணாச்சி."

கிறிஸ்டில்லா பிரம்மசக்தியின் கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவரைப் பார்த்தாள். "இன்னும் அஞ்சு வருசத்துக்கு டீ கெடையாது ஒமக்கு" என்றாள்.

"அவர் டீ குடிக்கலாம்மா" என்றாள் பிரம்மசக்தி. "படம் எடுக்கிற அன்னைக்குத்தான் கூடாது. பீடியை மட்டும் விடச் சொல்லுங்க."

திங்கட்கிழமை காலை மருத்துவமனை வாசலில் இருந்து மீன் ஏலக்கூடம்வரை வரிசை நின்றது. இதுவரை பச்சை வாங்கினவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். முந்தின நாள் அறிவிப்பில் டீ குடித்தவர்கள் வர வேண்டாம் என்று சொல்லியிருந்ததால் வரிசை முழுக்கத் தலைவலி. சின்னச் சண்டைகள் அங்கங்கே நடந்தன. சுயம்பு கடையில் அடுப்பு எரியவில்லை. கண்டிப்பாகத் திறப்பேன் என்று வீராப்புப் பேசிய சுயம்புவே வரிசையில் ஏழாவது ஆளாக நின்றார்.

பிரம்மசக்தியின் மேசையில் ஒரு கடிதம் இருந்தது. முகாம் பதிவுகளைப் பொய்யாக்கியது குறித்து வியாழக்கிழமை நேரில் விளக்கம் தர வேண்டும், அதன்பின் உரிமம் ரத்தாகலாம் என்று அதில் கண்டிருந்தது. செய்தது தப்புதான், அதில் அவளுக்கு வாதம் இல்லை. தண்டனையை அவர்கள் கொடுக்கட்டும். வியாழனுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. ஒரு நாளைக்கு முப்பது பேர் என்றால் தொண்ணூறு. யாரை முதலில் எடுப்பது என்று பட்டியல் போட்டுவிட்டு, கடிதத்தை மேசை ஆடாமல் இருக்க அதன் காலுக்கு அடியில் மடித்து வைத்தாள்.

முதல் ஆள் உள்ளே வந்தார். அருமைநாயகம். சட்டைப் பொத்தானைக் கழற்றியபடி, அவளை நேராகப் பார்க்காமல் படுக்கையில் உட்கார்ந்தார்.

"எனக்குப் போன மாசம் பச்சை மேடம்."

"தெரியும், நான்தான் ரேகை வச்சேன்."

"அன்னைக்கு மூணு டீ குடிச்சிருந்தேன். மாடி ஏறுனா எனக்கும் ஒரு கனம் வரும். வயசாயிருச்சு, அதனாலன்னு இருந்தேன். பச்சைன்னு வந்தப்புறம் யாருட்டப் போய்க் கேக்க?"

"வெள்ளிக்கிழமையே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே சார்."

"சும்மா இருந்தா போதும்னு நெனச்சேன்."

பிரம்மசக்திக்கு அவர்மேல் இருந்த கோபம் எங்கோ போய்விட்டது. அவரைப் படுக்க வைத்து நரம்பைத் தேடினாள்.

"கடைசியா டீ எப்ப குடிச்சீங்க?"

"சனிக்கிழமை மத்தியானம். உங்களுக்குச் சிவப்பு வந்துச்சே, அப்ப கையில இருந்த கிளாஸைக் கீழ வச்சேன். அதுக்கப்புறம் தொடலை."

"ஊசி ஏறினா கனக்கும். கத்தணும்னா கத்திருங்க, வெக்கப்படாதீங்க."

அவள் கட்டைவிரலால் ஊசியை மெல்ல அழுத்தினாள். அருமைநாயகம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். கொட்டாவி வருகிறதா என்று இன்பராணி அவர் வாயையே பார்த்தாள். அரை நிமிடம் போயிற்று. அவர் கை மெல்ல எழுந்து கட்டில் கம்பியைத் தேடிப் பிடித்தது.

பிரம்மசக்தி பேனாவை எடுத்தாள்.